மெர்ஹாவி முடிக்காத பாதி

மஹ்லெத்துக்கும் மெர்ஹாவிக்கும் முதல் சண்டை மூண்டது ஒரு மோட்டாரை வைத்துத்தான். பிறகு வந்த சண்டைகளிலும் பாதிக்கு மேல் அந்த மோட்டாரால் வந்தவைதான்.

தலைநகர் அதிஸ் அபாபாவில், தொழில்நுட்ப வளாகத்தின் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி இருந்தது அவர்களுடைய ஆய்வுக்கூடம். இரண்டு பேரும் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பேராசிரியர், ஸெரிஹுன். இரண்டு பேருக்கும் ஒரே மோட்டார். இரும்பு மேசையில் முடுக்கி வைத்த, ஒரு ஆட்டுக்குட்டி அளவுள்ள இண்டக்‌ஷன் மோட்டார். யார் எந்த நாளில் அதைத் தொடுவது என்பதில் தொடங்கிய வாய்த்தகராறு, யார் சொல்லும் முறையில் அதை ஆட்டுவிப்பது என்பதில் போய் நின்றது.

இண்டக்‌ஷன் மோட்டார் ஒன்றும் அபூர்வமான பொருள் இல்லை. தண்ணீர் இறைப்பது அதுதான், தெஃப் தானியத்தை மாவாக அரைப்பது அதுதான், நகரத்தில் ஓடும் ரயிலை இழுப்பதும் அதுதான். சும்மா ஓடு என்றால் ஓடும். சொன்ன வேகத்தில், சுமை ஏறினாலும் இறங்கினாலும் பிசகாமல் ஓடு என்றால்தான் அதன் குணம் தெரியவரும். உள்ளே சுழல்கிற பாகத்துக்கு ஒரு கம்பிகூடப் போவதில்லை. அதற்குள் காந்தம் எப்படி ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை. காந்தத்தைத் திருத்தப் போனால் விசை மாறும். விசையைத் திருத்தப் போனால் காந்தம் மாறும். இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு திரும்பி வராது. நேர்கோட்டுக் கணக்குக்கு அடங்காத பிராணி.

மெர்ஹாவியின் முறை நாசூக்கானது. மோட்டாருக்குள் இருக்கும் கோணலை எல்லாம் கணக்கால் அப்படியே பிரதியெடுத்து, எதிர்த்திசையில் அதே கோணலைக் கொடுத்துவிடுவான். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு மோட்டார் பரம சாதுவாகத் தெரியும். ஒரே ஒரு கஷ்டம், பிரதி துல்லியமாக இருக்க வேண்டும். ஓட ஓடச் சுழலி சூடேறும். சூடேறினால் அதன் மின்தடை கூடும். தடை கூடினால் கணக்கு பொய்யாகும்.

மஹ்லெத்தின் முறையில் நாசூக்கு கிடையாது. ஒரு கோட்டைப் போடுவாள். இந்தப் பக்கம் விலகினால் அங்கே தள்ளு, அந்தப் பக்கம் விலகினால் இங்கே தள்ளு. சூடாவது குளிராவது, அவளுடைய முறைக்குக் கவலை இல்லை. ஆனால் தள்ளித் தள்ளி மோட்டார் நடுங்கும், கீச்சென்று கத்தும்.

"உன் மோட்டாருக்கு என்ன, குளிர் ஜுரமா? பல்லக் கடிக்குது பாரு," என்பான் மெர்ஹாவி, காதைப் பொத்திக்கொண்டு.

"உன்னோடதுக்கு நெசமாவே ஜுரம் வந்தா புத்தியே பேதலிச்சுடுது. என்னோடது கத்தினாலும் வேலையச் செய்யுதுடா."

"வேல செய்யுற கழுத கூடத்தான் கத்தும்."

"கழுதைய நம்பி மூட்டைய ஏத்தலாம். உன் குதிர வெயில் அடிச்சாப் படுத்துக்குது."

பேராசிரியர் ஸெரிஹுன் ஒருநாள் மக்கியாத்தோ குடித்துக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்தார். "எனக்கு ரெண்டு பேரோட சண்டையும் வேண்டாம். ரெண்டையும் சேத்து ஒண்ணு பண்ணுங்க. இல்லாட்டி மோட்டாரத் தூக்கிக் கான்டீனுக்குக் குடுத்துடுவேன், காப்பிக்கொட்டையாவது அரைக்கட்டும்," என்றார்.

அப்படித்தான் அவர்கள் சேர்ந்தார்கள். பெரிய கோணலை அவன் முறை நிமிர்த்தும். மிச்சமிருக்கும் சின்னப் பிசகை அவள் முறை தட்டிச் சரிசெய்யும். அதோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டியிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளியில் அளக்கக்கூடிய மின்னோட்டத்தை வைத்து, உள்ளே சுழலியின் தடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஊகித்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பகுதியை மெர்ஹாவி எடுத்துக்கொண்டான். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் அருகில் போய்ப் பேச வேண்டியிருந்தது. மற்றது தானாக நடந்தது.

அவன் திக்ராய்க்காரன், மெக்கெலே நகரத்துப் பள்ளி ஆசிரியர் மகன். தாய் இல்லை. லுவாம் என்று ஒரே தங்கை. சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, தினமும் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிறவள். மஹ்லெத் அதிஸ் அபாபாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அம்மா அஸ்னகெச், தம்பி சுராஃபேல், அவள், மூன்றே பேர்தான் வீடு. சுராஃபேல் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். வாய் மூடாத பையன். மெர்ஹாவி முதல்முறை வீட்டுக்கு வந்த அன்றே ஒட்டிக்கொண்டான்.

"மெரே, எங்க அக்காவ நீ கட்டிக்கிட்டா எங்களுக்கு நிம்மதி. ஆனா ஒண்ணு, ஒருவாட்டி வித்த சரக்க நாங்க திரும்ப எடுக்குறதில்ல."

"பயப்படாதே தம்பி. பழுதானா நானே ரிப்பேர் பண்ணிக்குவேன்."

மஹ்லெத் இரண்டு பேர் தலையிலும் ஒரு தட்டு தட்டினாள். அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

முறைப்படி மூன்று பெரியவர்கள் வெள்ளை நெதெலா போர்த்திக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே பெண் கேட்டார்கள். அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த முறை சரி என்றாள். ஃபாஸிகா, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

அதற்கு முன்னால் மெர்ஹாவியின் அப்பா மாடிப்படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மெர்ஹாவி ஒரு தோள்பையோடு விமானம் ஏறினான்.

"பத்து நாள்ல வந்துடுவேன் மஹ்லியே. அதுவரைக்கும் என் பகுதியத் தொடாதே."

"நான் ஏன் தொடுறேன்? அதுல பாதிதான் இருக்கு."

"பாதியா இருந்தாலும் என்னோடது."

அவன் போன பிறகு சண்டை வெடித்தது. அவர்களுடைய சண்டை இல்லை, அரசுக்கும் வடக்கே திக்ராய்க்கும் மூண்ட நாட்டுச் சண்டை. ஒரு காலையில் மஹ்லெத் அழைத்தபோது ஃபோனில் மணிகூட அடிக்கவில்லை. வடக்கே போகிற எல்லாக் கம்பியும் செத்துவிட்டது.

சில மாதம் கழித்து, திம்கெத் திருநாள் சமயத்தில் கொஞ்ச காலம் ஃபோன் உயிர் பெற்றது. வந்தது, போனது, மறுபடி வந்தது. மெர்ஹாவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"நீ கிளம்பி வா மெரே. விமானம் போகுதுன்னு சொல்றாங்களே."

"அப்பா இன்னும் நடக்கல. லுவாமுக்கு ஊசி மருந்து ஒவ்வொரு வாரமும் தேடி அலைய வேண்டியிருக்கு. நான் இல்லாட்டி யாரு அலைவா?"

அவனே பேச்சை மாற்றினான். "மோட்டார் எப்படி இருக்கு?"

"கத்துது."

"நான் விட்ட பாதிய நீயே முடி. நான் வர்ற வரைக்கும் காத்திருக்காதே."

"தொடாதேன்னு சொன்னியே."

"இப்ப சொல்றேன். தொடு."

மழைக்காலம் தொடங்கியபோது கம்பி மறுபடி செத்தது. இந்தமுறை திரும்பி வரவே இல்லை. மாதம் போய் வருஷமாயிற்று.

நகரத்தில் பேச்சு மாறியது. பஸ்ஸில், கடையில், வளாகத்துக் கான்டீனில், மெர்ஹாவியின் மொழியில் யாராவது பேசினால் தலைகள் திரும்பின. வீதிகளில் ஒலிபெருக்கி வைத்த வண்டிகள் பட்டாளத்துக்கு ஆள் கூப்பிட்டன. மினிபஸ் நிலையத்தில் சுராஃபேலின் கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் கொடுத்தார்கள். சுராஃபேலும் கொடுத்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கையில் இருந்த காப்பிச் சட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து, அப்படியே நின்றாள்.

"யாரக் கேட்டுடா குடுத்தே?"

"எல்லாரும் போறாங்க எமாயே. நான் மட்டும் கதவைப் பிடிச்சுக்கிட்டு டிக்கெட் கிழிக்கவா?"

மஹ்லெத் அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அங்க யாரு இருக்கான்னு தெரியுமா உனக்கு? தெரியுமாடா?"

சுராஃபேல் தரையைப் பார்த்தான். பிறகு வழக்கமான சிரிப்பை எங்கிருந்தோ வரவழைத்தான். "தெரியும். மெரேவப் பாத்தா காதப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ள வேணுமில்ல?"

கென்னா, அதாவது கிறிஸ்து பிறப்புத் திருநாள், நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் சாவு வீட்டுக்குத் துணை நிற்கும் தெருச் சங்கத்துப் பெரியவர்கள் கதவைத் தட்டினார்கள். சாவுச் செய்தியை அந்த ஊரில் விடியும்போதுதான் சொல்வார்கள். அந்த நேரத்தில் அவ்வளவு பேர் வெள்ளை போர்த்தி வாசலில் நின்றால் ஒருவரும் வாய் திறக்கத் தேவையில்லை. அம்மா கதவைத் திறந்ததும் கத்திய கத்தலில் மஹ்லெத் கட்டிலில் இருந்து எழாமலே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

உடல் வரவில்லை. வடக்கே மலைப்பக்கம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். தெருவை அடைத்துக் கூடாரம் போட்டு, உடலில்லாமல் அழுதார்கள். அவனுடைய கண்டக்டர் பையையும் ஒரு புகைப்படத்தையும் நடுவில் வைத்து, பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அம்மா தலைமுடியைக் கத்தரித்துக் கறுப்பு உடுத்தினாள்.

கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, தம்பிக்காக அழுதுகொண்டிருக்கும்போதே, மஹ்லெத்தின் மனம் மெர்ஹாவியைத் தேடியது. அவன் இருந்திருந்தால் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டியிருப்பான், நாற்காலி சுமந்திருப்பான், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்திருப்பான். அப்படி நினைத்ததும் நெஞ்சில் தீ வைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் அம்மா, "என் பிள்ளையத் தின்ன அந்த மலை எரியட்டும்," என்று அலறிக்கொண்டிருந்தாள். அந்த மலையில்தான் மெர்ஹாவியின் வீடு.

துக்கம் முடிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம். அவன் விட்ட பாதியைத் திறந்தாள். எழுதியிருந்த முறை அவன் பேசுவதைப்போலவே இருந்தது. இரண்டு வரி கணக்கு, நடுவில் ஒரு கேலி. ஓர் இடத்தில், "இங்கே கழுதைக்கு வேலை இல்லை" என்று எழுதி வைத்திருந்தான். அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் போட்ட வழி சரியானதுதான். முடிவில்தான் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. சுமை இல்லாமல் ஓடும்போது மின்னோட்டம் எதையும் காட்டிக்கொடுக்காது; ஊகம் எங்கெங்கோ அலைந்துவிடும். அவள் பல மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில், சுமை இல்லாத நேரத்தில் ஊகிப்பதையே நிறுத்திவிட்டு, தெரிந்த கடைசி மதிப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்படி செய்தாள். சுமை திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சின்ன மாற்றம். அவன் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

சோதனை நாளில் மோட்டாரை நாள் முழுக்க ஓட விட்டார்கள். உறை தொட முடியாதபடி கொதித்தது. சுமையைத் திடீரென்று ஏற்றினாள், இறக்கினாள். திரையில் வேகக் கோடு ஒரு துடிப்பு துடித்துவிட்டு நேராகப் படுத்துக்கொண்டது. கீச்சுச் சத்தம் இல்லை. முதுகலை மாணவர்கள் கைதட்டினார்கள். ஸெரிஹுன் அவளுடைய தோளைத் தட்டி, "நகர ரயில்காரங்ககிட்ட இதக் காட்டலாம்மா," என்றார். மஹ்லெத் தலையாட்டிவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் சொல்ல வழியில்லை. யார் கேலி செய்வானோ அவனும் இல்லை.

கட்டுரை எழுதினாள். முதல் பெயர் மெர்ஹாவி, அடுத்தது அவள். துறையில் வேலை செய்த கஸாஹுன் எட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை; கூடாரத்துக்கு மூன்று நாளும் வந்தவர்.

"மஹ்லெத், தப்பா நினைக்காதே. அந்தப் பேர எடுத்துடேன். யாராவது பாத்தா நாலு பேச்சு வரும். அதுவும் உன் தம்பி போன பிறகு... உங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

அவள் முதல் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு, "இதுல பாதி கணக்கு அவன் போட்டது சார். பேர எடுக்கலாம். கணக்க எப்படி எடுக்குறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி கேட்பவளைப்போலச் சொன்னாள். கஸாஹுன் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கட்டுரையை அனுப்பவும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத ஒருவன் சம்மதத்தை எங்கே போய் வாங்குவது? அது மேசையிலேயே கிடந்தது.

அந்த வருஷக் கடைசியில் சமாதானம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. தெரியாத எண். வெளியே போய் எடுத்தாள்.

"மஹ்லியே."

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"லுவாம்? அப்பா?"

"அப்பா இருக்கார். லுவாம் போயிட்டா. போன வருஷம். மருந்து கிடைக்கல. முதல்ல பாதி பாதியாப் போட்டுக்கிட்டா. அப்புறம் கால்வாசி. அப்புறம் அதுவும் இல்ல. என்னப் பாத்து, அண்ணே, நீ கணக்குல பெரிய ஆளாச்சே, இத எப்படிப் பிரிச்சாப் போதும்னு சொல்லேன்னு கேட்டா."

மஹ்லெத் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவன் கேட்டான். "சுராஃபேல் எப்படி இருக்கான்? இன்னும் வாய் மூடலையா?"

அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை. அந்த வாக்கியத்தை அவள் எப்படிச் சொல்லி முடித்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறுமுனையில் மெர்ஹாவி குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதது மட்டும் நினைவிருந்தது. லுவாமைப் பற்றிச் சொல்லும்போது அவன் அழவில்லை.

விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியதும் வந்தான். அவளைப் பார்க்க வளாகத்துக்கு வரவில்லை. நேராகத் துக்கம் கேட்க வீட்டுக்குத்தான் வந்தான். மஹ்லெத் கதவைத் திறந்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதி ஆளாக இருந்தான். தலையில் நரை. கையில் ஒரு பொட்டலம் காப்பிக்கொட்டை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளவில்லை. உள்ளே அம்மா இருந்தாள்.

அவன் போய் அம்மாவின் முழங்காலில் முத்தமிட்டான். "கடவுள் உங்களத் தேத்தணும், எத்தெயே," என்று சொல்லிவிட்டு, துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரும் கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"உன் தங்கச்சி போயிட்டாளாமே," என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

"இவனுக்கு அவளவிட ஒண்ணு கூட." அம்மா சுவரில் இருந்த படத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நீ துப்பாக்கி எடுத்தியா?"

"எமாயே!" என்றாள் மஹ்லெத்.

"நீ சும்மா இரு. நான் அவனக் கேக்குறேன்."

"இல்லம்மா. ஆஸ்பத்திரில இருந்தேன். ஜெனரேட்டர், தண்ணி மோட்டார், அதெல்லாம் பாத்துக்கிட்டேன்."

"உன் சொந்தத்துல யாரும் எடுத்தாங்களா?"

மெர்ஹாவி தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்தாங்க. சித்தப்பா பையங்க ரெண்டு பேர். ஒருத்தன் திரும்பல."

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே நீ."

"உங்ககிட்டயாம்மா?"

அம்மா நெதெலாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு பேசத் தொடங்கினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று மஹ்லெத்துக்குத் தோன்றியது.

"மகனே, நீ நல்ல பையன்னு எனக்கு அன்னிக்கும் தெரியும், இன்னிக்கும் தெரியும். ஆனா நீ வாசல்ல வந்து நின்னதும் என் வயித்துக்குள்ள ஒண்ணு கேக்குது. இவனோட ஆளுங்கள்ல யாரு என் பிள்ளையச் சுட்டதுன்னு. பாவம்னு தெரியுது. தெரிஞ்சும் கேக்குது. நீ இந்த வீட்டு மாப்பிள்ளையா தினமும் வந்தா அது தினமும் கேக்கும். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா," என்றான். எழுந்தான்.

"எங்க போறே? உக்காரு. என் வீட்டுலேருந்து யாரும் வெறும் வயித்தோட போனதில்ல."

இஞ்சேரா அப்பத்தில் ஷிரோக் குழம்பை வைத்துச் சுருட்டி, தன் கையாலேயே ஒரு வாய் ஊட்டினாள். அவன் மென்று விழுங்க முடியாமல் கண்ணீரோடு வாயை மூடிக்கொண்டிருந்தான். மஹ்லெத் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். அவள் மோட்டாரை ஓட்டிக் காட்டினாள். அவன் குனிந்து, உறையின் மேல் கையை வைத்து, சூடு ஏறும்வரை எடுக்காமல் இருந்தான். திரையில் கோடு நேராக ஓடியது.

"சுமை இல்லாதப்ப என்ன பண்றே? அங்கதான நான் மாட்டிக்கிட்டேன்."

"நிறுத்தி வெச்சுடுறேன். கடைசியாத் தெரிஞ்சத வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும்."

"இவ்வளவுதானா?" அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "இத நான் எப்படி யோசிக்காமப் போனேன்?"

"நீ அவசரக்காரன்."

மோட்டாரை நிறுத்தினாள். அது நின்று ஓய்ந்ததும் அறையில் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லாமல் போயிற்று. அதனாலேயே பேச்சு வரவில்லை.

"நைரோபில ஒரு பல்கலைக்கழகத்துல இடம் இருக்கு," என்றான் மெர்ஹாவி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு பேருக்குமே கிடைக்கும். போயிடலாமா?"

அவளுக்கு ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே எழுந்து, அந்த நிமிஷமே, உடுத்தியிருந்த உடுப்போடு போய்விடலாம் போல இருந்தது.

"எமாயேவ யாரு பாத்துப்பா?"

அவன் தலையாட்டினான். "அப்பாவையும் பாத்துக்க யாரும் இல்ல. உன் பேரச் சொன்னா எந்திரிச்சு வெளிய போயிடுறார்."

"திட்டுறாரா?"

"திட்டினாப் பரவால்லையே. லுவாமோட படத்துக்கு முன்னாடி போய் நின்னுக்கிறார்."

அவள் அழுதாள். அவன் பக்கத்தில் வந்து, அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். ஒருவரையொருவர் குற்றம் சொல்ல ஏதாவது கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும். தேடினார்கள், கிடைக்கவில்லை.

"கட்டுரைய அனுப்பிடு," என்றான் கடைசியில். "உன் பேர முன்னாடி போடு."

"முடியாது."

"பிடிவாதக்காரி."

"கழுதைன்னு சொல்லேன்."

அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளால் அவனைப் போக விட்டிருக்க முடியாது. வளாக வாசலில் ஒரு மினிபஸ் நின்றது. கதவில் தொங்கிய பையன் ஊர்ப்பெயர்களைக் கூவினான். மெர்ஹாவி ஏறி உட்கார்ந்தான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். வண்டி கிளம்பி, திருப்பத்தில் மற்ற வண்டிகளோடு கலந்துவிட்டது.

அவன் மெக்கெலேயில் பாடம் நடத்தப் போனான். அவள் இங்கே நடத்தினாள். கட்டுரை ஒரு நல்ல இதழில் வெளிவந்தது. நடுவில் இதழ்க்காரர்கள் கேள்வி கேட்டபோது இருவரும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டார்கள். இந்தச் சமன்பாட்டில் குறி மாறியிருக்கிறது, அந்தப் படத்தை இன்னும் தெளிவாகப் போடலாம், என்கிற அளவில்தான் பேச்சு. அன்புள்ள என்று தொடங்கி வணக்கத்துடன் என்று முடிப்பார்கள். கட்டுரை வந்த பிறகு எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவிடம் இரண்டு தரம் வேறு இடம் பேசி வந்தார்கள். மஹ்லெத் வேண்டாம் என்றாள். அம்மா வற்புறுத்தவில்லை.

சுராஃபேலின் வருஷ நினைவு நாள் மறுபடி வந்தபோது, அம்மா காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணோட ஞானஸ்நானப் பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு?"

"அவன் தங்கச்சி. லுவாம். வெறும் பேரச் சொன்னா சாமியார் ஜெபத்துல சேக்க மாட்டார். ஞானஸ்நானப் பேரு வேணும்."

மஹ்லெத் அம்மாவையே பார்த்தாள். அம்மா தலையை நிமிர்த்தாமல் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது எமாயே."

"கேட்டு எழுது."

எழுதினாள். இந்தமுறை அன்புள்ளவும் போடவில்லை, வணக்கமும் போடவில்லை; எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்றே தெரியவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள் என்று மட்டும் எழுதினாள். அன்றைக்கே பதில் வந்தது.

"வலெத்த மரியம்," என்று படித்துச் சொன்னாள்.

"வலெத்த மரியம்." அம்மா இரண்டு மூன்று தரம் முணுமுணுத்து மனதில் ஏற்றிக்கொண்டாள். நெதெலாவை எடுத்துப் போர்த்தினாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"வேற ஒண்ணும் எழுதலையா அவன்?"

"இல்ல எமாயே."

அம்மா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கோயில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.